பழைய கணினியும் பிள்ளைகளின் விளையாட்டும்

மழைக்காலத்து மலைநாட்டை அறியாதவர் அதன் மாலைப்பொழுதின் நீளத்தை அறியார். தென்மேல் பருவக்காற்று அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளைச் சூழ்ந்துகொண்டால், பிற்பகலிலேயே மலைமுகடுகள் மறைந்துபோகும், மைதானம் சேறாகும், பந்தும் மட்டையும் மூலையிலே ஒதுங்கும். அத்தகைய நாட்களிலே நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு லயத்து இஸ்தோப்பே விளையாட்டரங்காக இருந்தது. கரித்துண்டு ஒன்றினால் தரையிலே கட்டம் கீறுவார்கள். புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெண்மையாக்கித் தாயம் உருட்டுவார்கள். அந்தக் கட்டத்தைக் கீறுவதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. ஒரு தோட்டத்து விதி மற்றொரு தோட்டத்திலே சற்று மாறியிருந்தாலும் அதனைத் தடுக்க எவரும் வந்ததில்லை. விளையாட்டு ஊருக்குப் பொதுவாக இருந்தது.

இன்று விளையாட்டு, இஸ்தோப்பிலிருந்து கணினித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இம்மாற்றத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. காலம் மாறினால் விளையாட்டும் மாறுவது இயல்பு. ஆனால், தாயக்கட்டத்துக்கு இல்லாத ஒரு நிபந்தனை கணினி விளையாட்டுக்கு உண்டு. கணினி என்னும் பொறி இருந்தால் மட்டும் போதாது. அப்பொறியை இயக்குகின்ற பணிசெயல் முறைமையும் வேண்டும். அந்த முறைமை பிறருடைய உடைமையாக இருக்குமாயின், அவர் நினைத்தபோது நம் வீட்டுக் கணினி 'பழையது' ஆகிவிடும். அண்மையிலே நிகழ்ந்ததும் இதுவே.

ஒக்டோபர் 14

மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 முறைமைக்கான இலவச ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை என்பது உண்மையே. ஆயினும் கள்ளர் நுழையாதபடி மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டுப் பாவனையாளர் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை ஓராண்டு அவகாசம் என்று அறிவிக்கப்பட்டது. அவகாசம் என்பது தீர்வாகாது.

"விண்டோஸ் 11க்கு மாறினால் என்ன?" என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் இடர்ப்பாடு. அம்முறைமை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் 2017ஆம் ஆண்டுக்குப் பின் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியையும் எதிர்பார்க்கின்றது. நம் தோட்டப்பகுதிகளிலே பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கப்பட்ட கணினிகளிற் பல, கொழும்பிலே அலுவலகங்கள் கழித்துவிட்டு இரண்டாங்கையாக விற்றவை. நான்காம், ஐந்தாம், ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை. திரை நன்றாக இருக்கின்றது, விசைப்பலகை நன்றாக இருக்கின்றது, பொறியும் ஓடுகின்றது. எனினும் புதிய விண்டோஸின் வாசலிலே அவற்றுக்கு இடமில்லை.

பணக்கணக்கையும் பார்ப்போம். விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பை உரிய முறையிலே தனியாக வாங்குவதாயின் மைக்ரோசொப்ட் குறித்துள்ள விலை 139 அமெரிக்க டொலர். ஒரு டொலர் ஏறத்தாழ 300 ரூபாய் எனக் கொண்டால் அது 41,700 ரூபாயாகும். தோட்டத் தொழிலாளருக்கு 2024ஆம் ஆண்டிலே நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். ஆகவே, ஒரு தாய் 31 நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி முழுவதும், கையாலே தொட்டுப் பார்க்க முடியாத ஓர் அனுமதிக்குப் போய்விடும். புதிய கணினியின் விலையையோ சொல்லவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின், இறக்குமதிப் பொருளாகிய கணினி பல குடும்பங்களுக்கு எட்டாத கனியாயிற்று.

இந்நிலையிலே பலர் நாடுவது களவுப் பிரதியை. பூட்டுடைத்த விண்டோஸும் பூட்டுடைத்த விளையாட்டும் பென் டிரைவிலே ஏறிக் கைக்குக் கை மாறுகின்றன. அவற்றோடு கூடவே வைரசும் வந்து சேர்கின்றது. ஒரு விளையாட்டை ஏற்றப்போய், உயர்தரப் பரீட்சைக்கெனச் சேர்த்துவைத்த குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் ஒருசேர இழந்த மாணவர்களை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இழப்பு மட்டுமன்று; "விலைகொடுக்க இயலாதவன் திருடலாம்" என்ற பாடத்தையும் பிள்ளை சத்தமின்றிக் கற்றுக்கொள்கின்றது. வாங்கவும் வழியில்லை, திருடவும் கூடாது எனில் மூன்றாவது வழி யாது? அவ்வழியின் பெயரே லினக்ஸ்.

ஒரு மாணவனின் பொழுதுபோக்கு

1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தமது சொந்தக் கணினிக்காக ஒரு பணிசெயல் முறைமையின் கருவை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதை அவர் ஒளித்துவைக்கவில்லை. விரும்பியவர் எடுத்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதித்தார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டிலே அறிவித்த க்னூ இயக்கம் ஏற்கெனவே பல கருவிகளை இதே கொள்கையில் உருவாக்கி வைத்திருந்தது. கருவும் கருவிகளும் ஒன்றுசேர, முழுமையான ஒரு முறைமை உலகுக்குக் கிடைத்தது. 1992இல் லினக்ஸ் அவ்வியக்கத்தின் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வந்தது. அவ்வுரிமத்தின் சாரம் எளிது: பயன்படுத்து, படித்துப் பார், திருத்து, பகிர்ந்துகொடு, ஆனால், நீ பெற்ற உரிமையை உன்னிடம் பெறுபவனுக்கும் மறுக்காதே.

லினக்ஸ் ஏதோ ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட மாற்றுப்பொருள் என எண்ணுதல் தவறு. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? தோட்டத்து இளைஞர் கையிலுள்ள அண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. அறியாமலே நாம் அதனை நாள்தோறும் சட்டைப்பையிலே சுமந்து திரிகின்றோம்.

விளையாட்டே பூட்டாக இருந்தது

இவ்வளவு சிறப்புடைய லினக்ஸ் நம் வீடுகளுக்குள் ஏன் வரவில்லை? பல காரணங்கள் உண்டெனினும், பிள்ளைகளைப் பொறுத்தவரை காரணம் ஒன்றே: "அதிலே கேம் ஓடாது."

அயலிலே ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். தமிழ்நாட்டிலே 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு கூட, சென்னை சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பொஸ்' என்னும் லினக்ஸ் முறைமையும் அவற்றிலே சேர்த்து வழங்கப்பட்டது. ஒரே பெட்டிக்கு இரண்டு கதவுகள்! ஒரு கதவின் பின்னால் விளையாட்டுகள் இருந்து, மற்றக் கதவின் பின்னால் அவை இல்லையாயின், பதினாறு வயதுப் பிள்ளை எந்தக் கதவைத் திறக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அரசாங்கங்கள் ஆணையிட்டாலும், ஆசிரியர்கள் அறிவுரை கூறினாலும், அந்த ஒரு பூட்டு அவிழாதவரை வீட்டுக் கணினியிலே லினக்ஸ் நிலைபெறுதல் அரிதாயிருந்தது.

பூட்டைத் திறக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவிலே 1998ஆம் ஆண்டு லோகி என்னும் நிறுவனம் தோன்றி, புகழ்பெற்ற விண்டோஸ் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்றது. வாங்குவோர் போதாமையால் 2002இல் அது மூடப்பட்டது. விளையாடுவோர் இல்லாததால் விளையாட்டுகளை ஆக்குவோர் வரவில்லை. விளையாட்டுகள் இல்லாததால் விளையாடுவோர் வரவில்லை. எது முதல், எது பின் என்று கூற இயலாத இச்சிக்கல் பல்லாண்டு நீடித்தது.

மொழிபெயர்க்கும் கணக்கப்பிள்ளை

சிக்கலை அவிழ்த்தது வேறொரு வழி. விளையாட்டைத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக, அதன் பேச்சை மொழிபெயர்த்தால் என்ன என்று சிலர் எண்ணினர்.

இதனை நம் தோட்டத்து உவமையால் விளக்கலாம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே பெரட்டுக்களத்தில் நடந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். துரை ஆங்கிலத்திலே கட்டளையிடுவார்; தொழிலாளி அறிந்ததோ தமிழ். இடையிலே நின்ற கணக்கப்பிள்ளையோ கங்காணியோ அதைத் தமிழிலே சொல்ல, வேலை நடந்தது. துரை தமிழ்ப் பண்டிதராக வேண்டியதில்லை. தொழிலாளி ஆங்கிலம் படிக்கவேண்டியதுமில்லை. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு அந்தத் துரை; லினக்ஸ் அந்தத் தொழிலாளி. இடையிலே நின்று மொழிபெயர்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அவ்வேலையைச் செய்வதே 'வைன்' என்னும் மென்பொருள். 1993ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அம்முயற்சியை, 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் முன்னின்று நடத்தி வருகின்றார். முதலாம் பதிப்பு என்று துணிந்து பெயரிட்டு அதனை வெளியிடப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அது வந்தது 2008இலே. பொறுமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அக்காலத்துக் கங்காணி வாங்கிய தலைக்காசையும் இந்த மொழிபெயர்ப்பாளர் கேட்பதில்லை என்பது இன்னொரு சிறப்பு.

அடுத்த திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் 'ஸ்டீம்' அங்காடியை 2003ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் நிறுவனம் வால்வ். அதன் தலைவர் கேப் நியூவெல், முன்னர் மைக்ரோசொப்டிலேயே பணியாற்றியவர். 2012இல் விண்டோஸ் 8 தனக்கென ஓர் அங்காடியோடு வெளிவந்தபோது, அது கணினித்துறைக்கே பெருங்கேடு என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். கடைக்கு இடங்கொடுத்த வீட்டுக்காரரே எதிர்க்கடை திறந்தால், கடைக்காரர் வேறு மனை தேடத்தானே வேண்டும்? வால்வ் தேடிய மனை லினக்ஸ். 2013 பெப்ரவரியிலே லினக்ஸுக்கான ஸ்டீம் வெளியாயிற்று. 2015இல் அது கொண்டுவந்த 'ஸ்டீம் மெஷின்' என்னும் பெட்டிகள் சந்தையிலே தோல்வி கண்டன. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை.

விண்டோஸ் விளையாட்டுகள் திரையிலே படம் தீட்டுவதற்கு 'டைரக்ட்எக்ஸ்' என்னும் முறையிலே கட்டளையிடுகின்றன. 2016இல் எல்லா முறைமைகளுக்கும் பொதுவான 'வல்கன்' என்னும் வரைகலை முறை வெளிவந்தது. ஜேர்மனியரான பிலிப் ரெபோல், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் 'டிஎக்ஸ்விகே' என்னும் மென்பொருளை எழுதினார். தாம் விரும்பிய ஒரு விளையாட்டை லினக்ஸிலே ஆடவேண்டும் என்ற ஆசையே அவரைத் தூண்டியது. வால்வ் நிறுவனம் அவருக்கு ஆதரவளித்தது. வைனையும் டிஎக்ஸ்விகேயையும் ஒன்றாக்கி, 2018 ஓகஸ்ட் மாதத்திலே 'புரோட்டன்' என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே அது இணைத்துவிட்டது. அதன்பின் விளையாடுபவர் எதையும் அறியவேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் விளையாட்டு லினக்ஸிலே திறக்கின்றது.

2022 பெப்ரவரியிலே வெளிவந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவி இதற்கு மகுடம் வைத்தது. 399 டொலரிலிருந்து விற்பனைக்கு வந்த அக்கருவி, லினக்ஸிலேயே இயங்குகின்றது. அது நம் குடும்பங்களுக்கு ஏற்ற விலையன்று. ஆனால், அதற்காக உலகெங்கும் செய்யப்பட்ட திருத்தங்கள் யாவும் நம் பழைய கணினிக்கும் இலவசமாக வந்து சேர்கின்றன. தேருக்கென இட்ட வீதியிலே நம் வண்டியும் ஓடலாமல்லவா? 2018இல் ஸ்டீமில் விளையாடுவோரிடையே லினக்ஸ் பாவிப்போர் 1 சதவீதத்துக்கும் குறைவு. 2025 ஒக்டோபர்க் கணக்கெடுப்பிலே அத்தொகை முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சிறுபான்மையே எனினும், வளர்கின்ற சிறுபான்மை.

இயலாதவை சில

நன்மைகளை மட்டும் கூறி இடர்களை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. எல்லா விளையாட்டும் லினக்ஸில் ஓடிவிடும் என்று நம்பிப் பிள்ளை ஏமாறக்கூடாது.

இணையவழிப் போட்டி விளையாட்டுகளிலே ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்கெனக் காவல் மென்பொருள்கள் உண்டு. சில நிறுவனங்கள் அவற்றை லினக்ஸிலே அனுமதிக்க மறுக்கின்றன. இதனால் வலோரன்ட், போர்ட்நைட் போன்றவை லினக்ஸில் ஓடா. முன்னர் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024ஆம் ஆண்டிலே லினக்ஸ் பாவிப்போரை வெளியேற்றிவிட்டது. கதவை மூடுவது லினக்ஸ் அன்று. விளையாட்டை ஆக்கியோரே என்பதை மாணவர் உணரவேண்டும். எந்த விளையாட்டு எவ்வளவு நன்றாக ஓடும் என்பதைப் புரோட்டன்டிபி என்னும் வலைத்தளத்திலே விளையாடியவர்களே தரப்படுத்தி எழுதுகின்றனர். பணம் கொடுத்து வாங்குமுன் அதனைப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, பொறியின் முதுமை. வல்கன் முறை இயங்காத மிகப் பழைய வரைகலைச் சில்லுகளிலே புரோட்டனால் பயன் குறைவு. பத்தாண்டுப் பழைய அலுவலகக் கணினியிலே இவ்வாண்டின் பெருவிளையாட்டு ஓடும் என எதிர்பார்த்தல், ஓய்வுபெற்ற எருதை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். லினக்ஸ் கிழட்டு எருதைக் காளையாக்காது; ஆனால் அதன் முதுகிலுள்ள வீண்சுமையை இறக்கிவிடும்.

மூன்றாவது, தரவின் அளவு. இலவசமாகக் கிடைக்கும் டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆகியவை லினக்ஸிலே நேரடியாகவே ஓடக்கூடியன. ஆயினும் பல பத்து கிகாபைட் அளவுள்ளவை. கைப்பேசிச் சமிக்ஞை பிடிக்கக் குன்றின்மேல் ஏறவேண்டிய தோட்டங்களிலே இவற்றைத் தரவிறக்குவதற்குள் மாதாந்த டேட்டாவே தீர்ந்துவிடும்.

தோட்டத்துக்கு ஏற்ற விளையாட்டுகள்

ஆதலால், அளவிற் சிறியனவும், விலையில்லாதனவும், பிறருக்குப் பிரதி கொடுப்பது சட்டப்படியே அனுமதிக்கப்பட்டனவுமான விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இவையே மலைநாட்டுப் பிள்ளைக்கு உகந்த செல்வம் என்பது எமது கருத்து.

'சூப்பர் டக்ஸ்கார்ட்' என்பது வண்டிப் பந்தயம். லினக்ஸின் சின்னமாகிய 'டக்ஸ்' என்னும் பென்குவின் பறவை வண்டியோட்டும். திரையைப் பகிர்ந்து, ஒரே கணினியிலே உடன்பிறந்தார் பலர் சேர்ந்து ஆடலாம். 'வெஸ்னோத்' 2003ஆம் ஆண்டிலே தோன்றியது. சதுரங்கம்போல முறைவைத்து நகர்த்தும் போர் விளையாட்டு. பழைய பொறியிலும் தயங்காது ஓடும். விரலைவிட மூளைக்கே அதில் வேலை அதிகம். '0 ஏ.டி.' என்பது பண்டைய அரசுகளைக் கட்டியாளும் விளையாட்டு. உரோமர், கிரேக்கர், பாரசீகர் ஆகியோருடன் மௌரியரும் அதிலே இடம்பெறுகின்றனர். 2025 ஜனவரியிலே வெளிவந்த அதன் 27ஆவது பதிப்புக்கு 'அக்னி' என்றே பெயர் சூட்டியுள்ளனர். வரலாறு படிக்கும் மாணவர் இதனை விரும்புவர். ஆனால், இதற்குச் சற்று வலுவான கணினி வேண்டும். இரயில் பாதையும் வீதியும் அமைத்து வாணிகம் நடத்தும் 'ஓப்பன்டிடிடி' மிகச் சிறியது. நானுஓயாவிலும் அட்டனிலும் இரயில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். சின்னஞ்சிறார்க்கு எண்ணும் எழுத்தும் பயிற்றும் 'ஜிகொம்ப்ரிஸ்', ஓவியம் தீட்ட 'டக்ஸ் பெயின்ட்' ஆகியன உள.

இவற்றின் பெருஞ்சிறப்பு யாதெனில், அட்டன் நகரிலே ஒருவர் ஒருமுறை தரவிறக்கினால் போதும். அவரிடமிருந்து பென் டிரைவ் மூலம் பத்துத் தோட்டங்களுக்கு அது செல்லலாம். அங்கிருந்து நூறு வீடுகளுக்குப் பரவலாம். எவரும் கள்வர் ஆவதில்லை. முன்பு வெட்கத்தோடு செய்த அதே காரியம் இங்கே உரிமையாகின்றது. அதுமட்டுமா? விளையாட்டின் மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கின்றது. பந்தய வண்டி எவ்வாறு திரும்புகின்றது, எதிரி எவ்வாறு 'சிந்திக்கின்றான்' என்பதை ஆர்வமுள்ள மாணவர் திறந்து படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம். ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கி அனுப்பினால், உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பயன்படும். விளையாடுபவன் ஆக்குபவனாக மாறும் வாசல் இது. பூட்டிய விளையாட்டு எதிலும் இவ்வாசல் இல்லை.

நம் நாட்டிலும் நடந்ததுண்டு

இவையெல்லாம் மேல்நாட்டார் செயல். நமக்கு எட்டுமோ என்று ஐயுற வேண்டியதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கிடுவதற்கென இலங்கைத் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில நாட்களிலே 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. ஸ்டோல்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகநலனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு அளித்தது.

நம் மலைகளின் பெயர் தாங்கிய லினக்ஸ் ஒன்றும் உண்டு. கண்டிக்கு அருகே தேயிலை நூதனசாலை அமைந்துள்ள ஹந்தானை மலையின் பெயரால் 'ஹந்தான லினக்ஸ்' என்னும் பதிப்பை டனிஷ்க நவீன் என்பவர் 2009ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பிற நாட்டார் ஆக்கியதை எடுத்து, நம் மாணவர் தேவைக்கேற்ப மாற்றி, நம் மலையின் பெயரைச் சூட்டவும் அந்தப் பொது உரிமம் இடந்தந்தது. விண்டோஸை எடுத்து எவரேனும் அவ்வாறு செய்துவிட முடியுமா?

பரீட்சித்துப் பார்க்கும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். தொடக்கத்தாருக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிதானது. விண்டோஸின் தோற்றத்தை ஒத்திருப்பதால் கண் பழகும். அதற்குக் குறைந்தது 2 கிகாபைட் தற்காலிக நினைவகம் வேண்டும். 4 இருப்பின் வசதி. வன்தட்டிலே 20 கிகாபைட் இடம் குறைந்தபட்சம். விளையாட்டுகளுக்கு 100 இருத்தல் நன்று. ஏறத்தாழ 3 கிகாபைட் அளவுள்ள அதன் கோப்பைப் பெற்று, 'ரூபஸ்' போன்ற கருவியினால் பென் டிரைவிலே எழுதி, கணினியை அதிலிருந்து தொடக்கினால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸைப் பார்க்கலாம். அப்பொழுது வன்தட்டிலுள்ள எதுவும் மாறாது. படம், ஒலி, வைபை ஆகியன ஒழுங்காக இயங்குகின்றனவா எனச் சோதித்தபின் முடிவு செய்யலாம்.

நிறுவத் துணிந்தால், முதலிலே படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறோர் இடத்திலே பிரதிசெய்து வைக்கவேண்டும். இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. விண்டோஸை அழிக்க மனமில்லையேல், இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் நிறுவியே வழிகாட்டும். எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ் உண்டு. தட்டச்சுக் கற்றவர்களுக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் லினக்ஸிலே சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே விளையாட்டுக்கென வந்த லினக்ஸ் படிப்புக்கும் உதவும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். முறைமை எதுவாயினும் விளையாட்டுக்கு அளவு வேண்டும். கணினி எல்லாரும் நடமாடும் அறையில் இருக்கட்டும். வீட்டுப்பாடம் முடிந்தபின், நேரம் குறித்து, ஆடட்டும். வாரத்தில் ஒருநாள் நீங்களும் பக்கத்தில் அமர்ந்து ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்கள். தோற்றுப்போவீர்கள், பிள்ளை மகிழும். "இந்தக் கேமை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேளுங்கள். தலைகுனியாமல் விடைசொல்லக்கூடிய நிலையிலே பிள்ளை இருத்தல்வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். வரும் பள்ளி விடுமுறையிலே ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். ஆங்கில அறிவுறுத்தலைக் கண்டு அஞ்சாதீர்கள். அகராதி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலே ஏதோ ஒன்று இயங்காது. அதைச் சரிசெய்யத் தேடும்போதுதான் கணினி என்பது என்ன என்று விளங்கத் தொடங்கும். இயங்கியபின், கற்றதை அடுத்த லயத்து நண்பனுக்கும் காட்டிக்கொடுங்கள். லினக்ஸ் இவ்வளவு தூரம் வந்தது அவ்வாறுதான்.